தக்காளிக்கு ஸ்வெட்டரா, குடையா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டே போன விஷயம் இது. வடக்கே வந்து குடும்பம் நடத்துகிற நம்மாட்களுக்கு ஆனி, ஆடி வந்தாலே வயிற்றில் ஒரு கலக்கம் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு ஒரு பக்கம், தக்காளி விலை இன்னொரு பக்கம். 2023 ஜூலையில் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். மத்திய அரசே கொள்முதல் செய்து, ஜூலை 14 முதல் டெல்லியில் வண்டிகளில் வைத்துக் கிலோ 90 ரூபாய்க்கு விற்றது. அப்புறம் 80, அப்புறம் 70. ரசத்தில் தக்காளி மிதந்தால் அந்த வீட்டில் ஏதோ விசேஷம் என்று நண்பர்கள் கேலி பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் சண்டிகர் தமிழ் வட்டத்தில் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "பக்கத்திலேயே மலை இருக்கிறது. எல்லா விவசாயிக்கும் ஒரு பாலிஹவுஸ் போட்டுக் கொடுத்தால் வருஷம் முழுக்கத் தக்காளி வருமே, இந்த அரசாங்கத்துக்கு இது கூடவா தெரியாது?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் தக்காளியை வெட்டவெளியில் வளர்ப்பதா, கூரைக்குள் வளர்ப்பதா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வருஷ வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்தால் விடை அத்தனை சுலபமில்லை என்று தெரியும். வேலை விஷயமாகப் பல வருடங்கள் கால்காவைத் தாண்டி மலையேறி இறங்கியவன் என்ற முறையில், படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீமையிலிருந்து வந்த செடி

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையோரம். அதை வீட்டுப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோ மக்கள். அவர்களுடைய நாவாட்ல் மொழியில் 'டொமாட்ல்'. ஸ்பானியர்கள் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பா போனது. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

நம் மொழியில் 'தக்காளி' என்ற சொல் இந்தக் காய்க்கு முன்பே இருந்தது. மணத்தக்காளியை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வந்த புதுக்காயைப் பார்த்து, இதுவும் அந்த ஜாதிதான் என்று புரிந்துகொண்டு 'சீமைத்தக்காளி' என்று பெயர் வைத்தார்கள் நம் ஆட்கள். நாளடைவில் 'சீமை' உதிர்ந்து வெறும் தக்காளி ஆகிவிட்டது. வங்காளிகள் 'பிலாத்தி பேகுன்' என்றார்கள், அதாவது சீமைக் கத்திரிக்காய். இரண்டு பெயருமே தாவரவியல்படி சரி! மணத்தக்காளி, கத்திரி, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாமே ஒரே குடும்பம். (உருளைக்கிழங்கு இந்தக் குடும்பத்தில் இருப்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.)

ஜார்ஜ் வாட் என்ற வெள்ளைக்காரர் இந்தியாவின் விளைபொருட்களைப் பற்றி ஒரு பெரிய அகராதி தொகுத்தார். 1889 முதல் 1893 வரை பல பாகங்களாக வந்தது. அதில் தக்காளி இங்கே பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்காகவே பயிராகிறது என்றும், வங்காளிகளும் பர்மியரும் புளிப்புக் குழம்பில் சேர்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஆக, 'பாட்டி காலத்துத் தக்காளி ரசம்' என்று நாம் பெருமையடிக்கிற சமாச்சாரத்துக்கு வயது அப்படியொன்றும் அதிகமில்லை.

இந்தச் செடியின் குணம் கொஞ்சம் விசித்திரம். பனி உறைந்தால் செத்துவிடும். அதற்காகக் கடும் வெயிலும் பிடிக்காது. இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். 10 டிகிரிக்குக் கீழே போனாலும் பகலில் 35-க்கு மேலே போனாலும் பூ உதிரும். பழத்துக்குச் சிவப்பு கொடுக்கிற லைகோபீன்கூட 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். மாப்பிள்ளை முறுக்கு என்பார்களே, அது மாதிரி. எனவேதான் பஞ்சாப், ஹரியானா சமவெளியில் தக்காளி இளவேனிலோடு முடிந்துவிடுகிறது. மே மாத லூ காற்று வீச ஆரம்பித்தால் செடி அவ்வளவுதான்.

இங்கிலாந்து: வரி போட்ட கண்ணாடி

இங்கிலாந்தை ஏன் நடுவில் இழுக்கிறேன் என்றால், தக்காளியைக் கூரைக்குள் வைத்து ஒரு பெருந்தொழிலாக வளர்த்த இடங்களில் அது முக்கியமானது. இன்று இமயமலைச் சரிவில் நிற்கிற பிளாஸ்டிக் வீடு அந்தக் கண்ணாடி வீட்டின் பேரப்பிள்ளை.

1597-ல் ஜான் ஜெரார்ட் என்பவர் தன் மூலிகை நூலில் தக்காளியைப் பற்றி எழுதினார். லண்டனில் அவர் தோட்டத்திலேயே வளர்த்திருக்கிறார். ஆனால் செடி நாறுகிறது, சாப்பிட்டால் உடம்புக்குச் சத்தும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. அதன் பிறகு வெகுகாலம் அங்கே அது பெரும்பாலும் அழகுக்கு வைக்கிற செடிதான்.

கண்ணாடி வீடு என்பது அந்தக் காலத்தில் பிரபுக்களின் விளையாட்டு. ஆரஞ்சு, அன்னாசி வளர்ப்பார்கள். சாமானியனுக்கு எட்டாததற்கு ஒரு காரணம் வரி. 1745-ல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடி மீது வரி போட்டது, அதுவும் எடைக்கு எடை. சரியாக நூறு வருஷம் கழித்து, 1845-ல் பிரதமர் ராபர்ட் பீல் அதை நீக்கினார். ஆறே வருஷத்தில், 1851-ல், லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் எழும்பியது. முழுக்கக் கண்ணாடியும் இரும்பும். வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் ஒரு தோட்டக்காரர் என்பது ஒரு சுவாரஸ்யம்.

அதே 1845-ல் இன்னொன்றும் நடந்தது. ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்கள் சில வாரங்களில் கறுத்து அழுகின. ஆகஸ்டில் இங்கிலாந்து, செப்டம்பரில் அயர்லாந்து. அயர்லாந்தில் அடுத்த சில வருஷங்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். 1846-ல் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் இதற்குக் காரணம் கெட்ட காற்றல்ல, இலையில் வளர்கிற ஒரு பூஞ்சைதான் என்று எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. பின்னால் ஆண்டன் டி பாரி என்ற ஜெர்மானியர் அதை நிரூபித்து, ஃபைட்டாஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்று பெயர் வைத்தார். 'செடியைக் கொல்வது' என்பதுதான் அந்தப் பெயரின் முதல் பாதிக்கு அர்த்தம். தமிழில் பின்பருவக் கருகல் நோய்.

உருளைக்கிழங்கும் தக்காளியும் பங்காளிகள் என்று சொன்னேனே, இந்த நோய்க்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தேவை குளிர்ச்சி, ஈரம், அவ்வளவே. 1956-ல் பிரிட்டனில் ஒரு கணக்கு வகுத்தார்கள்: தொடர்ந்து இரண்டு நாட்கள் வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையாமல், ஒவ்வொரு நாளும் 11 மணி நேரமாவது காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காடோ மேலேயோ இருந்தால் நோய் வரப்போகிறது என்று எச்சரிக்கை கொடுக்கலாம். இங்கிலாந்தின் ஆகஸ்ட் மாதத்துக்கு இது சர்வசாதாரணம். வெளியில் நட்டவன் நாலு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்திருப்பான். காய் பழுக்கிற நேரத்தில் ஒரு வாரம் தூறினால் எல்லாம் காப்பித்தூள் நிறம்.

கண்ணாடிக்குள் வைத்தவனுக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. இலை நனைந்தால்தானே நோய்? அவன் கூரை போட்டது சூட்டுக்காக, உடன் கிடைத்தது உலர்வு. ஒரே கூரை இரண்டு வேலை செய்தது. ஒன்று ஸ்வெட்டர் வேலை, இன்னொன்று குடை வேலை. அங்கே இரண்டுமே தேவைப்பட்டதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கிலும், கெர்ன்சி தீவிலும் கண்ணாடி வீடுகள் பெருகின. லீ பள்ளத்தாக்கில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கண்ணாடிக் கூரை. கூரைக்குள் போனதும் வேறு தலைவலிகள் வந்தன. வெள்ளை ஈ கொழித்தது. 1926-ல் எல்ஸ்ட்ரீ என்ற ஊரில் ஒரு தோட்டக்காரர் தன் தக்காளி இலைகளில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் கறுத்துக் கிடப்பதைக் கவனித்தார். அருகிலிருந்த செஷண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்பேயர் என்ற பூச்சியியலாளர், அது என்கார்சியா என்ற பொடிக் குளவியின் வேலை என்று கண்டுபிடித்தார். அதை வளர்த்து விவசாயிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு டி.டி.டி. வந்ததும் குளவியை மறந்தார்கள். 1970-களில் மருந்துக்கு ஈ பழகிவிட்டதும் மறுபடி குளவியைத் தேடி ஓடினார்கள்.

கண்ணாடி வீட்டின் பெரிய எதிரி கடைசியில் பூச்சி அல்ல, எரிபொருள். குளிர்காலத்தில் கொதிகலன் எரிய வேண்டும். 1973-ல் எண்ணெய் விலை ஏறியது, அதே வருஷம் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததில் டச்சுத் தக்காளியும் தடையின்றி உள்ளே வந்தது. கெர்ன்சித் தக்காளி அதிலிருந்து மீளவே இல்லை. ஸ்வெட்டருக்குத் தொடர்ந்து காசு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம்.

நீலகிரி வழியாக நோய் வந்த கதை

சரி, நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் குளிருக்காக எந்த மலையில் ஏறினாலும் உருளைக்கிழங்கையும் கூடவே ஏற்றினார்கள். அதன் பின்னாலேயே நோயும் ஏறியது. இந்தியாவில் பின்பருவக் கருகல் முதன்முதலில் பதிவானது நம் நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். 1883 வாக்கில் டார்ஜிலிங். அங்கிருந்து இமயமலைச் சரிவுகளுக்குப் பரவியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் பாட்னாவில் தொடங்கிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1956-ல் சிம்லாவுக்கு மாறியது. மார்க்கெட்டில் 'குஃப்ரி' என்ற பெயரோடு வருகிற உருளைக்கிழங்கு ரகங்களெல்லாம் இந்த நிலையத்தின் பிள்ளைகள். குஃப்ரி என்பது சிம்லாவுக்கு மேலே உள்ள ஒரு ஊர்.

இமாச்சலத்தில் காய்கறி விதைத் தொழிலும் கிட்டத்தட்ட அந்தக் காலத்ததுதான். பிரிவினைக்கு முன் குளிர்ப்பிரதேசக் காய்கறிகளுக்கு விதை எடுத்த குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அதற்கு மாற்றாகக் குலு பள்ளத்தாக்கில் கட்ராயின் என்ற இடத்தில் 1949-ல் ஒரு நிலையம் அமைந்தது. மலையின் குளிர் காசாகும் என்று இமாச்சல விவசாயி உணர்ந்தது இப்படித்தான்.

சோலன்: வெட்டவெளியின் வெற்றி

கால்காவிலிருந்து சிம்லா போகும் சாலையில் பாதி வழியில் சோலன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். படிப்படியான வயல்களில் ஆள் உயரக் குச்சிகள் நட்டு, செடியைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, வரிசை வரிசையாகத் தக்காளி. கூரை கிடையாது. சாலையோரத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கி லாரிக்குக் காத்திருக்கும். அந்த ஊருக்குச் 'செந்தங்க நகரம்' என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு.

இங்கே கணக்கு எளிமையானது. மார்ச் வாக்கில் நாற்று விட்டு, ஏப்ரலில் நட்டு, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பறிக்கிறார்கள். அதே மாதங்களில் கீழே சமவெளியில் தக்காளியே கிடையாது. அதாவது மலையின் இயற்கையான பருவமும் டெல்லிச் சந்தையின் பஞ்ச காலமும் ஒன்றாக விழுகின்றன. ஒரு பைசா செலவில்லாமல் வானம் கொடுத்த ஏர்கண்டிஷன் இது. 1973-ல் பெங்களூரின் இண்டோ அமெரிக்கன் நிறுவனம் 'கர்நாடகா' என்ற கலப்பினத் தக்காளியைக் கொண்டுவந்த பிறகு நாடெங்கும் கலப்பின விதை பரவியது. சோலன் விவசாயியும் அதைப் பிடித்துக்கொண்டார். 1985 டிசம்பர் 1-ல் பக்கத்து நௌனியில் தோட்டக்கலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இமாச்சலத்தின் முதல் முதலமைச்சர் ஒய்.எஸ். பர்மார் பெயரில் இருக்கிறது.

சோலனுக்குப் பிரச்சனை குளிர் அல்ல, மழை. பருவமழை சரியாகப் பறிப்பு மாதங்களில்தான் கொட்டும். கருகல் நோய் ஒன்று. 'பக்ஐ' என்ற பழ அழுகல் இன்னொன்று. ஃபைட்டாஃப்தோரா குடும்பத்தின் மற்றொரு உறுப்பினர் மண்ணில் படுத்திருக்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது அதுவும் சேர்ந்து தெறித்து, தாழ்வாகத் தொங்குகிற காயில் ஒட்டும். காயில் வளையம் வளையமாகப் பழுப்புக் கோலம் விழுந்து அழுகும். மோசமான வருஷத்தில் கீழ்க்கொத்துக் காய்கள் பாதிக்கு மேல் போய்விடும் என்கிறார்கள்.

இதற்கு அங்கே செய்கிற வைத்தியம் அழகானது. செடியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இலைகளைக் கழித்துவிடுகிறார்கள். செடிகளைத் தூக்கிக் கட்டுகிறார்கள். மலையில் கொட்டிக் கிடக்கிற பைன் ஊசியிலைகளை மூடாக்காகப் பரப்புகிறார்கள். மண் தெறிப்பது நின்றால் நோய் பாதி நின்ற மாதிரி. தருமபூர் தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு பெரியவரிடம் "ஜி, மேலே கூரை போட மாட்டீர்களா?" என்று கேட்டேன். "பேட்டா, மேலே இருந்து வருவதைத் தடுக்க எனக்குக் காசில்லை. கீழே இருந்து வருவதைத் தடுக்கக் காடு இலவசமாகத் தருகிறது" என்றார்.

லே: ஸ்வெட்டர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை

சோலனுக்கு நேர் எதிர்த்துருவம் வேண்டுமென்றால் லடாக் போக வேண்டும். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்க விழுகிற மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவுதான். வெயிலுக்குக் குறைவில்லை, குளிருக்கும் குறைவில்லை. ஜனவரி இரவில் மைனஸ் 15, 20 சாதாரணம். இங்கே கருகல் நோயைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. இலை நனைந்தால்தானே! கவலையெல்லாம் உறைபனி ஒன்றுதான்.

பழைய நாளில் லடாக்கியர்கள் பார்லி, பட்டாணி, டர்னிப் என்று வாழ்ந்தார்கள். குளிர்காலத்துக்குக் கிழங்கைக் குழியில் புதைத்து வைப்பார்கள். சோஜி லா கணவாய் மூடிவிட்டால் மாதக்கணக்கில் வெளியுலகத்துச் சாலை கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே படைகளை நிறுத்த வேண்டி வந்தபோது பச்சைக் காய்கறி ஒரு பாதுகாப்புப் பிரச்சனையாகவே ஆனது. அல்மோராவில் விவேகானந்தா ஆய்வுக்கூடம் நடத்தி வந்த போஷி சென் (இவர் ஜகதீஷ் சந்திர போஸின் சீடர்) குழுவினரை லேயில் சோதனை செய்யும்படி பிரதமர் நேரு கேட்டுக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் லே ஆய்வுக்கூடம். இப்போது அதன் பெயர் டிஹார்.

அங்கே பரவிய கூரைகளில் மலிவானது குழி வீடு. 30 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு பள்ளம். மேலே கம்புகள், அதன் மேல் பாலிதீன். பூமியின் கதகதப்பே கொதிகலன். அடுத்த படி, வெயிலையே நம்பிய மண்சுவர் வீடு. கிழக்கு மேற்காக நீளம். தெற்குப் பக்கம் பாலிதீன். மற்ற மூன்று பக்கமும் இரட்டை மண்சுவர், நடுவில் வைக்கோல். பகலில் சுவர் வெயிலைக் குடிக்கும், இரவில் திருப்பித் தரும். 2000-களில் ஜெரெஸ் என்ற பிரெஞ்சு அமைப்பும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து இந்த வகை வீடுகளை நூற்றுக்கணக்கில் கட்ட உதவினார்கள். எரிபொருள் செலவு சூன்யம். கெர்ன்சியைக் கவிழ்த்த கொதிகலன் இங்கே இல்லவே இல்லை!

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நடுக்குளிரில் அந்த வீட்டுக்குள் விளைவது கீரை, கொத்தமல்லி வகைகள்தான். தக்காளி அல்ல. இலை உறையாமல் பிழைப்பது வேறு, பூ பிஞ்சு பிடிப்பது வேறு. தக்காளிக்கு அந்தக் கூரை செய்கிற உதவி இரண்டு முனையில். மார்ச், ஏப்ரலில் நாற்றை உள்ளே வளர்த்துத் தயாராக வைத்திருக்கலாம். இலையுதிர் காலத்தில் வெளியே செடி கருகிய பிறகும் உள்ளே சில வாரங்கள் பறிக்கலாம். லேயில் உறைபனி இல்லாத மாதங்கள் நாலு, ஐந்துதான் என்பதால் அந்தச் சில வாரங்களே பெரிய சொத்து.

பிளாஸ்டிக் வீடு மலையேறுகிறது

பாலிஹவுஸ் என்ற யோசனைக்கு மூலம் அமெரிக்காவின் கென்டகி. எம்மெர்ட் என்ற பேராசிரியருக்குக் கண்ணாடி வீடு கட்டக் காசில்லை. 1948-ல் மரச்சட்டத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சோதித்தார். அது உலகம் சுற்றி, நம் நாட்டிலும் மானியத் திட்டங்களுக்குள் நுழைந்தது. இமாச்சல அரசு 2008-09-ல் தொடங்கிய திட்டத்தில் பாலிஹவுஸ் செலவில் 80 விழுக்காடு மானியம். அதற்குப் பின் பர்மார் பெயரில் வந்த திட்டத்தில் 85 விழுக்காடு.

எங்கள் வட்டத்து யோசனை ஏற்கெனவே அமலில் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது அல்லவா? ஆனால் அப்படிக் கட்டிய வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் அதிகம் தென்படுவது குடமிளகாயும் கொய்மலரும். தக்காளி பெரும்பாலும் வெளியிலேயே நிற்கிறது. விவசாயி முட்டாளா? இல்லவே இல்லை.

நாலுபுறமும் மூடிய வீடு தக்காளிக்கு என்ன தரும்? வசந்தத்தில் ஒரு மாதம் முன்னால், குளிர் தொடங்கும்போது ஒன்றிரண்டு மாதம் பின்னால் பறிக்கலாம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் சமவெளித் தக்காளி சந்தையில் கொட்டிக் கிடக்கும். நவம்பர், டிசம்பரிலும் வேறு பகுதிகளின் தக்காளி வரும். அதாவது ஸ்வெட்டர் கூடுதலாகத் தருகிற மாதங்களில் விலை இல்லை. விலை இருக்கிற ஜூலை, ஆகஸ்டில் ஸ்வெட்டர் தேவையில்லை. ஜூனில் சரியான காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் வீட்டுக்குள் 40 டிகிரியைத் தொட்டுப் பூ உதிரும். இரவில் கூரையின் உள்பக்கம் வியர்த்து இலையில் சொட்டினால், எந்த ஈரத்துக்குப் பயந்து கூரை போட்டோமோ அதுவே உள்ளே குடிவந்துவிடும். ஒரே மண்ணில் திரும்பத் திரும்பப் பயிரிட்டால் நூற்புழு. 2014-ல் மகாராஷ்டிராவில் முதலில் தென்பட்ட டூட்டா என்ற ஊசிப் புழு கூரைக்குள்ளும் வந்துவிடும். இதற்கெல்லாம் மேல், பிளாஸ்டிக் தாள் மூன்றிலிருந்து ஐந்து வருஷத்தில் கிழியும். ஆலங்கட்டி மழை வந்தால் அதற்கும் முன்பே. வீடு கட்ட மானியம் வந்த மாதிரி ஒவ்வொரு முறையும் தாள் மாற்ற வரும் என்று நம்பியிருக்க முடியாது. எலும்புக்கூடு மாதிரி வெறும் குழாய்கள் நிற்கிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சோலனுக்கு எது சரி? குடை. மேலே மட்டும் தாள், பக்கங்கள் திறந்தே இருக்கும். மழை இலையில் விழாது, மண் தெறிக்காது, காற்று ஓடும், சூடு தங்காது, செலவும் குறைவு. இது ஒன்றும் என் கண்டுபிடிப்பல்ல. மழைக்கூரை என்ற பெயரில் தைவானின் உலகக் காய்கறி மையம் பல வருஷமாகச் சோதித்துச் சொல்லி வருவதுதான். கேரளத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பயனில் இருக்கிறது. நம் நாட்டுத் திட்டக் காகிதங்களில் ஸ்வெட்டருக்குக் கிடைக்கிற மரியாதை குடைக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். லேயில் இருப்பவனும் சோலனில் இருப்பவனும் 'குளிர்ப் பிரதேசம்' என்ற ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடுகிறார்கள்.

இதில் நமக்கு என்ன?

இரண்டு விஷயம். ஒன்று, ஜூலையில் டெல்லியிலும் சண்டிகரிலும் நாம் வைக்கிற ரசம் பெரும்பாலும் ஏதோ ஒரு மலைச் சரிவில் மழையில் நனைந்துகொண்டு நின்ற செடியின் தயவு. 2023-ல் விலை எகிறியபோது சோலனில் சிலர் நன்றாகச் சம்பாதித்தார்கள் என்பது உண்மை. அதே ஜூலையில் இமாச்சலத்தை வெள்ளம் புரட்டியெடுத்து, சாலைகள் உடைந்து, பறித்ததை அனுப்ப முடியாமல் தவித்தவர்களும் உண்டு. எங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் விலை சரிந்தால் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். இங்கேயோ விலை உச்சத்தில் இருக்கும்போது காய் செடியிலேயே அழுகும். இரண்டு இடத்திலும் நஷ்டம் ஒருவருக்குத்தான்.

இரண்டாவது, பால்கனியிலும் மொட்டை மாடியிலும் வளர்க்கிற நம்மாட்களுக்கு. தங்கமணிகள் தொட்டி வாங்கச் சொல்லும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் கூடாரமும் வாங்கச் சொன்னால், முதலில் உங்கள் ஊருக்கு எந்தப் பயம் என்று பாருங்கள். டெல்லி, சண்டிகர்காரர்களுக்குப் பயம் டிசம்பர், ஜனவரியின் சில உறைபனி இரவுகள் மட்டும். மாலையில் ஒரு பழைய வேட்டியால் மூடிக் காலையில் எடுத்துவிட்டால் போதும். சிம்லா, ஷில்லாங், டேராடூன் பக்கம் இருப்பவர்களுக்குப் பயம் மழை. தலைக்கு மேல் ஒரு தாள், பக்கங்கள் திறந்து, செடியைத் தூக்கிக் கட்டி, தண்ணீரை இலையில் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். லே, கார்கிலில் பணியில் இருக்கும் நண்பர்கள் நாற்றை ஜன்னலுக்குள் வளர்த்து, பனி முடிந்ததும் வெளியே விடுங்கள். மூடிய இடத்தில் காற்றும் வண்டும் வராது என்பதால், பூத்தவுடன் தினமும் ஒருமுறை கொத்தை மெல்லத் தட்டிவிட மறக்காதீர்கள். 1985-ல் பெல்ஜியத்தில் ஒரு கால்நடை மருத்துவர் பம்பிள் வண்டுகளை இந்த வேலைக்குப் பழக்கலாம் என்று கண்டுபிடிக்கும் வரை, ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் ஆள் வைத்துப் பூவை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் தக்காளி வெளியிலா, உள்ளேயா? விவசாயிகளிடம் பேசியிருந்தால் அவர்கள் பயப்படுவது எதற்கு என்று அவசியம் சொல்லுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.